சீல் வைத்த துடுப்பு

திருப்பூரில் எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டு வியாபாரி ஒரு பனியனைக் கொடுத்து, அதன் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டி, அட்டையில் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனால், அதன்பிறகு அது பனியன் அல்ல, சீல்டு சேம்பிள். அதில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால், பின்னால் தைக்கிற ஐம்பதாயிரம் பனியனிலும் அதே இடத்தில் தையல் விட்டுப்போக வேண்டும். ஒழுங்காகத் தைத்துத் தொலைத்த பனியன்களைப் பொறுக்கி எடுத்துக் காதர்பேட்டையில் கழிவு விலைக்குத் தள்ளிய முதலாளிகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கப்பல் ஏறிய சரக்கு திரும்பி வந்தால் குடும்பம் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சட்டம் பனியனோடு நின்றிருந்தால் அர்த்தநாரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அது நொய்யல்கரைப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் வந்துவிட்டது.

அர்த்தநாரி அங்கே தமிழ் விரிவுரையாளர். தற்காலிகம். வருடா வருடம் ஜூன் மாதம் வேலையில் சேர்ந்து, ஏப்ரல் மாதம் நின்று, மறுபடி ஜூன் மாதம் சேர்ந்து, தலைமுடி நரைக்க ஆரம்பித்திருந்தது. அவருடைய மனைவி கண்ணம்மாள் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

“ஏனுங்க, ஆர்டர் வந்துருச்சுங்களா?”

நிரந்தரப் பணி ஆர்டர். வரவில்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கு தேய்ந்துபோய், பிறகு தலையை மட்டும் ஆட்டி, அதுவும் போய், இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அவள் பதிலைத் தெரிந்துகொள்வாள்.

நொய்யல்கரைக்கும், தெற்கே உள்ள தென்கரைப் பல்கலைக்கழகத்துக்கும் வருடம் ஒருமுறை செங்காட்டுக் குளத்தில் படகுப் போட்டி நடக்கும். ஆளுக்கொரு நீளப் படகு. எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள், ஒருவன் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பான். துடுப்புகள் நீண்ட வெற்றிலையைப் போலிருக்கும். நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் ஒரே அகலம். படகின் எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். வருடா வருடம் தென்கரை ஜெயிக்கும். நொய்யல்கரை கைதட்டும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிடுவார்கள். யாருக்கும் ஒரு மனக்குறையும் இருந்ததில்லை.

தொண்ணூற்று மூன்றில் துணைவேந்தர் டாக்டர் சீனிச்சாமி ஒரு ஜவுளிக் கண்காட்சிக்காக இங்கிலாந்து போனார். துணைவேந்தர் ஆவதற்கு முன்னால் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குத் தர ஆலோசகராக இருந்தவர் அவர். அங்கே ஓர் ஆற்றங்கரையில், மாணவர்களின் படகுகள் புதுவிதமான துடுப்புகளோடு பறப்பதைப் பார்த்தார். வெற்றிலை வடிவம் போய், கறி வெட்டும் கத்தியின் வடிவம் வந்திருந்தது. தண்டுக்கு ஒரு பக்கமாக மட்டும் அகலம் இறங்கியிருக்கும். அந்த அகலம் தண்ணீரைச் சும்மா விடாது, பிடித்து இழுக்கும். இந்தத் துடுப்பை மாற்றிய படகுகள் பழைய துடுப்புக்காரர்களைப் பின்னால் தள்ளிவிட்டன என்று யாரோ அவரிடம் சொன்னார்கள். ஒரே ஒரு துடுப்பை வாங்கி, விமானத்தில் ஏற்றி, வழியெல்லாம் சண்டை போட்டுக் கொண்டுவந்து சேர்த்தார்.

துடுப்புக்கு ஆட்சிக்குழு மண்டபத்தில் வரவேற்பு விழா நடந்தது. அட்டெண்டர் கன்னையன் அதைத் தோளில் சுமந்து முன்னால் வர, நாதஸ்வரம் பின்னால் வந்தது. பொட்டு வைத்தார்கள். அரக்கு முத்திரையும் வைத்தார்கள். பொட்டு வைத்ததில் தப்பில்லை. உழைக்கிற கருவியைக் கும்பிடுவது நல்ல பழக்கம். அரக்குதான் பின்னால் வம்பு செய்தது.

துணைவேந்தர் பேசினார்:

“நான் பல்கலைக்கழகச் செலவுல வெளிநாடு போனதா சில பேரு பேசறாங்க. போனது உண்மைங்க. ஆனா போனவன் சும்மா வரலீங்க. துடுப்போட வந்திருக்கேன். நாம இத்தனை வருசம் ஏன் தோத்தோம்? பசங்களுக்குச் சோறு பத்தலைன்னு ஹாஸ்டல்ல சொல்றாங்க. தப்புங்க. சேம்பிள் சரியில்லை. இனி சேம்பிள் வந்துருச்சு. இதுல ஒரு நூல் மாறக்கூடாது. மாறாத வரைக்கும் நாம ஜெயிச்சுக்கிட்டே இருப்போம்.”

மண்டபம் கைதட்டியது. மறுநாள் அர்த்தநாரி துடுப்புப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். நிரந்தர ஊழியர்கள் எல்லோரும் மறுத்துவிட்டதால், மறுக்கும் உரிமை இல்லாத ஓர் ஆளைத் தேடியபோது அவர் அகப்பட்டார்.

“போட்டி நல்லபடியா முடியட்டும், உங்க ஆர்டர்ல நானே கையெழுத்துப் போடறேன்” என்றார் துணைவேந்தர்.

அன்றைக்கு அர்த்தநாரி செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்துவிட்டார். கண்ணம்மாள் பயந்துபோனாள்.

வெள்ளகோவில் பக்கத்து வண்டிப்பட்டறை ஒன்றில் எட்டுத் துடுப்புகள் செய்யப்பட்டன. அச்சு அசல். விமான நிலையத்தில் யாரோ இழுத்துப் போட்டதில் அசல் துடுப்பில் ஒரு கீறல் விழுந்திருந்தது. எட்டிலும் அந்தக் கீறல் அதே நீளத்தில், அதே இடத்தில் இருந்தது. தரக்கட்டுப்பாட்டுக் குழு கீறலைத் தடவித் தடவிப் பார்த்து மகிழ்ந்தது.

வெள்ளோட்டத்தன்று குளத்துத் தண்ணீர் ஊதா நிறமாக இருந்தது. அந்த வாரம் சாயப்பட்டறைகளில் அந்த நிறம் ஓடியது. சுக்கானில் நல்லான் உட்கார்ந்தான். ஒல்லியான பையன், எடை குறைவு என்பதற்காக அந்த இடம். நீச்சல் தெரியாது. அவனுடைய அம்மா வேலாத்தாள் கண்ணம்மாளோடு அதே கம்பெனியில் வேலை செய்பவள். “எம்பட பையனத் தண்ணிக்குள்ள உட்டறாதீங்க சாமி” என்று காலையில்தான் அர்த்தநாரியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வலப்பக்கத்து நான்கு துடுப்புகளும் தண்ணீரைப் பிடித்து இழுத்தன. இடப்பக்கத்து நான்கும் அகலத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, அடிவிளிம்பால் தண்ணீரைக் கீறின. துணைவேந்தர் கொண்டுவந்தது வலப்பக்கத்துத் துடுப்பு. எட்டும் வலப்பக்கத்துத் துடுப்புகள். படகு ஒரு சுற்றுச் சுற்றிக் கரையில் முட்டியது.

கரையிலிருந்த எல்லோருக்கும் அந்த நிமிஷமே விஷயம் விளங்கிவிட்டது. துணைவேந்தருக்கும் விளங்கியது, பதிவாளர் சுப்பண்ணனுக்கும் விளங்கியது. விளங்காதது கோப்புக்கு மட்டுமே. ஆகவே கூட்டம் போட்டார்கள்.

“நாலு துடுப்பை இடது கைக்குச் செஞ்சுட்டாப் போதுமுங்க” என்றார் அர்த்தநாரி.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். “எதைப் பாத்துச் செய்யறதுங்க?”

“இதையே திருப்பி வெச்சுப் பாத்தாங்க.”

“திருப்பி வெச்சா அது வேற டிசைன் ஆயிருமுங்களே. அதுக்குச் சேம்பிள் எங்க? சீல் எங்க?”

“செருப்புக்கு இடது வலது இருக்குதில்லீங்களா, அது மாதிரி…”

“செருப்புக்கு ஜோடியாச் சேம்பிள் வரும். இதுக்கு ஒண்ணுதான் வந்துச்சு. ஏன் ஒண்ணு வந்துச்சுன்னு நீங்க கேட்டா, துணைவேந்தர் ஏன் ஒண்ணு வாங்குனாருன்னு ஆவும். அப்படிக் கேக்கறீங்களா?”

அர்த்தநாரி அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி சுட்டது. எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார்.

“இடது துடுப்புச் சேம்பிளுக்காக இன்னொரு தடவை இங்கிலாந்து போக நான் தயாரா இருக்கேன்” என்றார் துணைவேந்தர் தியாகத்தோடு. “ஆனா இந்த வருசப் பயணப்படி தீந்துபோச்சுன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் ஒரு யோசனை. எட்டும் வலது துடுப்பு. சரி. அப்ப எட்டுப் பேரும் வலப்பக்கமே துடுப்புப் போட்டா என்னங்க?”

பதிவாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“படகு சுத்துமுங்களே” என்றார் அர்த்தநாரி.

“சுத்தட்டுமே. பந்தயப் பாதையையும் வட்டமா வெச்சுருவோம். சுத்தறதுதான் பந்தயம்னு ஆனப்புறம், சுத்தறது குத்தமாகுமா?”

கணிதத்துறைத் தலைவர் எழுந்து, நேர்கோட்டுக்கு முடிவு உண்டு, வட்டத்துக்கு முடிவு கிடையாது, ஆகவே பல்கலைக்கழகம் முடிவற்ற ஒன்றை நோக்கிப் போகிறது என்று நிரூபித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அர்த்தநாரியின் கையும் மேலே போயிருந்தது. அதை எப்போது தூக்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

துடுப்பு மாட்டும் இடப்பக்கத்துக் கொக்கிகளைத் திருகிக் கழற்றி வலப்பக்கம் மாட்டினார்கள். குளத்தின் நடுவே மூங்கில் நட்டு வட்டம் போட்டார்கள். பயிற்சி தொடங்கியது. மூன்று சுற்றுக்குள் பையன்கள் வாந்தி எடுத்தார்கள். உடனே எலுமிச்சம்பழ உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அது பழத்தின் அளவு குறித்து இரண்டு முறை கூடியது.

“ஏனுங்க சார்” என்றான் நல்லான், கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு, “நான் சுக்கான் புடிக்கறனா, செக்கு ஓட்டறனா? சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன பாட்டாவது படிச்சுக்குவேன்.”

“செத்த பொறுத்துக்க கண்ணு.”

“நான் பொறுத்துக்குவேனுங்க. கொடலு பொறுக்க மாட்டீங்குது.”

எட்டுப் பேரும் ஒரே பக்கம் இழுத்ததால் படகு வலப்பக்கம் சாய்ந்தது. எடை சரிசெய்யப் பனியன் கழிவுத்துணி மூட்டைகளை இடப்பக்கம் கட்டினார்கள். மூட்டை தண்ணீரைக் குடித்தது. குடிக்கக் குடிக்கக் கனத்தது. நான்காம் நாள் படகு மெதுவாக, ஓர் எருமை படுப்பதைப்போல, இடப்பக்கம் கவிழ்ந்தது. நல்ல வேளையாக அந்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அர்த்தநாரி வேட்டியோடு இறங்கி நல்லானைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் நடுங்கினான். அப்போதும், “சார், நீங்க பச்சையாயிட்டீங்க” என்று சிரித்தான். அந்த வாரம் தண்ணீர் பச்சை.

அன்றிலிருந்து அர்த்தநாரியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். போட்டி தொடங்குமுன் ‘படகும் துடுப்பும் சேம்பிளின்படி உள்ளன; ஓட்டுவதற்குத் தகுதியானவை’ என்று பொறுப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆர்டர். போடாவிட்டால் ஏப்ரலோடு சரி.

“போட்டுட்டு வாங்க” என்று கண்ணம்மாள் சொல்லவில்லை. “போடாதீங்க” என்றும் சொல்லவில்லை. அவருடைய தட்டில் ஒரு கரண்டி மோரை ஊற்றி, “வேலாத்தாளுக்கு அவன் ஒருத்தன்தானுங்க” என்றாள்.

போட்டிக்கு முதல் நாள் மழை பெய்தது. காலையில் பார்த்தால் மூங்கில் வட்டத்தின் தலை மட்டும் தெரிந்தது. குளம் நிறைந்துவிட்டது. துணைவேந்தரும் ஆட்சிக்குழுவினரும் பந்தல் நிழலில், வட்டத்தைப் பார்த்தபடி சோபாக்களில் உட்கார்ந்தார்கள். துணைவேந்தர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அது அவர் கையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

பந்தலுக்குப் பின்னால், படகுத் துறையில், தென்கரைப் பையன்கள் தங்கள் பழைய வெற்றிலைத் துடுப்புகளோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் தலைவன் வீரணன், கறுத்த, அகன்ற தோள்காரன். நொய்யல்கரைப் படகை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

“என்ன சார் இது? எட்டுத் துடுப்பும் ஒரே பக்கம்லா மாட்டியிருக்கு?”

“எட்டும் வலது கைங்க” என்றான் நல்லான். “எங்க ஊர்ல இடது கைக்கு இன்னும் விசா கெடைக்கலீங்க.”

தென்கரைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீரணனும் சிரித்தான். பிறகு துணி மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

“இந்தத் தண்ணியில இதை இறக்கப்போறீகளா? இந்தப் பையனுக்கு நீச்சல் தெரியுமா?”

அர்த்தநாரியின் கையில் அந்தச் சான்றிதழ்த் தாள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. பந்தலிலிருந்து துணைவேந்தரின் குரல் வந்தது: “ஒரு நூல் மாறாம! ஒரு நூல் மாறாம!”

“அவங்க சுத்திக்கிட்டு நிக்கட்டும், நாம எதிர்க்கரைக்குப் போய்ச் சேருவோம்ல. சும்மா கெடைக்கிற கப்பு” என்றான் தென்கரைப் பையன்களில் ஒருவன்.

“ஏல, சும்மா இரு” என்றான் வீரணன். “முங்கிச் சாகப்போறவன் பக்கத்துல ஓடி ஜெயிச்சா, அந்தக் கப்பை வீட்டுல எங்க வைப்ப?” அர்த்தநாரி பக்கம் திரும்பினான். “சார், எங்க துடுப்பு எந்தப் பக்கமும் ஓடும். நாலைத் தாரோம், இடப்பக்கம் மாட்டிக்கிடுங்க. உங்க புதுசுல நாலைத் தாங்க, நாங்க வலப்பக்கம் மாட்டிக்கிடுதோம். ரெண்டு படகும் ஒண்ணுபோல ஆயிரும். மூட்டையை அவுத்து எறிஞ்சிட்டு, எப்பவும்போல நேரா விடுவோம்.”

அவன் எதிரிப் படகின் தலைவன். ஜெயிப்பதற்காகவே அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவன். கேட்காமலே கொடுத்தான். கடவுள் எந்த வழியாக வருவார் என்று நமக்குத் தெரிவதில்லை. அன்றைக்கு அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, வாயில் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டு வந்திருந்தார்.

அர்த்தநாரி அந்தத் தாளைப் பார்த்தார். இத்தனை வருடத்து ஜூன்களும் ஏப்ரல்களும் கண்முன்னே வந்து நின்றன. செருப்பைக் கழற்றும் சத்தத்துக்காகக் காத்திருக்கும் கண்ணம்மாள் வந்து நின்றாள். பிறகு, குளத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்த நல்லானைக் கண்டார். பயப்படுகிறவன்தான் அப்படி விசிலடிப்பான்.

‘படகு சேம்பிளின்படி இல்லை. ஓட்டுவதற்குத் தகுதியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“திருப்புளி எங்க கண்ணு?” என்றார். தானே குனிந்து முதல் கொக்கியைக் கழற்றத் தொடங்கினார். தென்கரைப் பையன்களும் நொய்யல்கரைப் பையன்களும் கலந்து வேலை செய்தார்கள். யார் எந்த ஊர் என்று பார்த்தால் தெரியாது. எல்லோர் மேலும் காதர்பேட்டையில் வாங்கிய ஒரே மாதிரி கழிவுப் பனியன்தான்.

துணைவேந்தர் “நேர்கோடு என்பது குறுகிய மனம் படைத்தவர்களின் பாதை” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டு படகுகளும் வட்டத்தைத் தாண்டி நேராகப் போயின.

அது மாதிரி ஓட்டத்தைச் செங்காட்டுக் குளம் பார்த்ததில்லை. புதுத் துடுப்புகள் தண்ணீரைப் பிடித்து இழுத்தன, வெற்றிலைத் துடுப்புகள் ஈடுகொடுத்தன. புதுசின் இழுப்பில் படகு இடப்பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். நல்லான் சுக்கானைப் பிடித்துச் சரிசெய்தான். ராத்திரி ஷிப்டு முடிந்து கரையில் நின்ற பனியன் கம்பெனி ஜனங்கள் கத்தினார்கள். மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு இரண்டு படகுகளும் எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. யார் முதல் என்று சொல்ல அங்கே நடுவர் இல்லை. நடுவர்கள் வட்டத்தின் ஓரத்தில் சோபாவில் இருந்தார்கள்.

ஆகவே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எதிர்க்கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த மருதாள் ஒருத்திதான் சாட்சி. அவளை ஆட்சிக்குழு மண்டபத்துக்கு அழைத்துவந்து நாற்காலி போட்டார்கள்.

“எந்தப் படகும்மா ஜெயிச்சுது?” என்றார் பதிவாளர்.

“ரெண்டும் வந்துதுங்க.”

“முதல்ல எது வந்துது?”

“அதெங்கீங்க பாத்தேன். பசங்க எறங்குனதும் தண்ணி கேட்டானுங்க. தூக்குப்போசில மோர் இருந்துது. குடுத்தேனுங்க.”

“எந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல்ல குடுத்தீங்க?”

மருதாள் யோசித்தாள். “இருமுனவனுக்குங்க” என்றாள்.

இந்தச் சாட்சியம் பயன்படாது என்று குழு முடிவு செய்தது. அனுமதிக்கப்பட்ட வட்டத்தில் படகு எதுவும் ஓடாததால் போட்டியே நடக்கவில்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. நடக்காத போட்டியில் சேம்பிளை மீறிய குற்றத்துக்கு அர்த்தநாரி பொறுப்பாக்கப்பட்டார். பையன்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று எழுதிக்கொடுத்தால் அவரை விட்டுவிடுவதாகத் துணைவேந்தர் பெரிய மனதோடு சொன்னார்.

“நாந்தானுங்க கொக்கியக் கழட்டுனேன்” என்றார் அர்த்தநாரி. அவருக்கே ஆச்சரியமாக, அன்றைக்கு நாற்காலி சுடவில்லை.

“அப்ப சஸ்பெண்டு பண்ணுங்க” என்றார் துணைவேந்தர்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். “முடியாதுங்க. அவரு தற்காலிகம். தற்காலிக ஊழியரைச் சஸ்பெண்டு பண்ண விதி இல்லீங்க.”

“வீட்டுக்கு அனுப்பீருங்க.”

“அனுப்புனா விசாரணை பாதில நிக்குமுங்க. விசாரணை நின்னா, எதுக்கு ஒரு துடுப்பு வாங்குனோம்னு தணிக்கைக்காரங்க மறுபடி மேல இருந்து ஆரம்பிப்பாங்க.”

துணைவேந்தர் நெற்றியைத் துடைத்தார். “அப்ப என்னதான் பண்றது?”

“ஒரே வழிதானுங்க. முதல்ல நிரந்தரம் பண்ணோணும். அப்புறம் சஸ்பெண்டு பண்ணோணும். ரெண்டு ஆர்டருக்கும் நடுவுல கொஞ்ச நேரம் அவரு நிரந்தரமா இருந்தாத்தான் சட்டப்படி செல்லும்.”

இரண்டிலும் துணைவேந்தர் அன்றே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அட்டெண்டர் கன்னையன் சைக்கிளில் வந்து முதல் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அர்த்தநாரி அதை மூன்று முறை படித்தார். கண்ணம்மாள் கம்பெனிக்கு லீவு சொல்லி அனுப்பினாள். முருகன் படத்துக்கு முன்னால் உறையை வைத்து இருவரும் விழுந்து கும்பிட்டார்கள். பாயசம் கொதித்தது. வேலாத்தாள் வந்தாள், நல்லான் வந்தான், சந்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். நல்லான் துடுப்புப் போடுவதுபோலக் கையை ஆட்டிக் காட்ட, பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அர்த்தநாரி வெகுநாளைக்குப் பிறகு ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாயும்போது கண்ணம்மாள் தண்ணீர் ஊற்ற வாசலுக்கு வந்தாள். எதிர்ச்சுவர் ஓரம், சைக்கிளைப் பிடித்தபடி கன்னையன் நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னோர் உறை.

“எப்பங்க வந்தீங்க?”

“மத்தியானமேங்க.” கன்னையன் தரையைப் பார்த்தார். “மூணு மணிக்கே குடுத்துப்போடச் சொன்னாங்க. உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுது. அதான் அது அடங்கட்டும்னு நின்னுட்டேன். அடங்கவே மாட்டீங்குதுங்க.”

அர்த்தநாரி வெளியே வந்து உறையை வாங்கினார். பிரித்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மூணு மணியிலிருந்து வெயில்லயா நிக்கறீங்க?” என்றாள் கன்னையனிடம். “உள்ள வாங்க. பாயசம் இன்னும் இருக்குது.”